காப்பி செய்தால் கறுப்புக் கட்டம்: கிளிப்போர்டில் படத்தின் டிரான்ஸ்பரன்சி தொலைவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னணி நீக்கிய லோகோவை ஒரு மென்பொருளில் காப்பி செய்து இன்னொன்றில் பேஸ்ட் செய்கிறீர்கள். சுற்றிலும் கறுப்புக் கட்டம் வந்து நிற்கிறது, அல்லது வெள்ளை. சில நேரம் படத்தையே காணோம். அதே படத்தைக் கோப்பாகத் திறந்தால் ஒரு குறையும் இல்லை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இந்தப் பக்கம். விண்டோஸ் பற்றிய பேச்சு அதிகம் இருக்கும், தொல்லையும் அங்கேதான் அதிகம். மேக், லினக்ஸ் பற்றிய கேள்விகள் பின்பகுதியில் உள்ளன.

கோப்பில் ஒழுங்காக இருக்கும் படம் பேஸ்ட் செய்யும்போது மட்டும் ஏன் கெடுகிறது?

காப்பி செய்தது பேஸ்ட் ஆகும்வரை காத்திருக்கும் இடம்தான் கிளிப்போர்டு. அதில் ஒரே ஒரு படம் உட்கார்ந்திருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மை வேறு. காப்பி கொடுத்ததும், அனுப்பும் மென்பொருள் அதே படத்தைப் பல வடிவங்களில் அங்கே வைக்கிறது: பிஎன்ஜியாக ஒன்று, பிட்மேப்பாக ஒன்று, உலாவியாக இருந்தால் படத்தின் முகவரியைக் கொண்ட எச்டிஎம்எல் துண்டு ஒன்று. பெறும் மென்பொருள் அவற்றில் தனக்குப் பழகியதை எடுத்துக்கொள்கிறது. பிஎன்ஜியை எடுத்தால் டிரான்ஸ்பரன்சி, அதாவது பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும் தன்மை, தப்பும். பழைய பிட்மேப்பை எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

டிரான்ஸ்பரன்சி என்பது ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களோடு நான்காவதாக வரும் ஆல்ஃபா என்ற எண். 0 என்றால் அந்தப் பிக்சல் கண்ணுக்கே தெரியாது, 255 என்றால் முழுதாகத் தெரியும். விண்டோஸ் கிளிப்போர்டின் பழைய பிட்மேப் வடிவமான டிஐபியில், 32 பிட் படத்துக்கு ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் ஒதுக்கப்படுகிறது. ஆனால் அந்த நான்காவது பைட்டுக்கு வேலை எதுவும் இல்லை என்பதே விதி. சில மென்பொருள்கள் அதில் ஆல்ஃபாவை எழுதிவிடுகின்றன, சில வெறும் பூஜ்யத்தை எழுதுகின்றன. படிக்கும் பக்கத்திலும் இதே கதைதான்: சில அதை நம்புகின்றன, சில திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொடுப்பவரும் வாங்குபவரும் வெவ்வேறாகப் புரிந்துகொள்ளும் அந்த ஒரு பைட்தான் இங்கே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் காரணம்.

சில இடங்களில் கறுப்பு, சில இடங்களில் வெள்ளை. ஏன் இந்த வித்தியாசம்?

கறுப்பு வந்தால், பெரும்பாலும் ஆல்ஃபா எண் அப்படியே கைவிடப்பட்டிருக்கிறது. முழுதும் மறைந்த பிக்சல்களுக்கு 0, 0, 0, 0 என்றுதான் பல மென்பொருள்கள் எழுதுகின்றன. கடைசிப் பூஜ்யத்தைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது 0, 0, 0. அதாவது கறுப்பு. யாரும் கறுப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை.

வெள்ளை வந்தால், யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். 'பெறுபவருக்கு ஆல்ஃபா புரியாமல் போகலாம், எதற்கும் வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கொடுப்போம்' என்று அனுப்பும் மென்பொருள் படத்தைத் தட்டையாக்கியிருக்கும். பார்க்க இது நன்றாகவே இருக்கும், ஆனால் திருத்துவது கடினம்: ஓரப் பிக்சல்கள் எல்லாவற்றிலும் வெள்ளை கலந்திருக்கும்.

கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஏதோ ஒரு நிறம் வந்தால், பெறும் மென்பொருளில் அப்போது தேர்வாகியிருக்கும் பின்னணி நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

புதிய லேயர் (படத்தின் ஓர் அடுக்கு) வந்திருக்கிறது, ஆனால் காலி. படம் எங்கே போனது?

இது மேலே சொன்னதற்கு நேர் எதிரான பிழை. அனுப்பியவர் நான்காவது பைட்டில் பூஜ்யம் எழுதினார், 'இது பயன்படாத பைட்தானே' என்று. பெற்றவர் அதை ஆல்ஃபா என்று நம்பிவிட்டார். ஆகவே எல்லாப் பிக்சலும் முழுதாக மறைந்தவை என்று ஆகிவிட்டது. சாதாரண ஸ்கிரீன்ஷாட்கூட இப்படிக் காணாமல் போவதுண்டு.

நிறங்கள் தொலையவில்லை, ஒளிந்திருக்கின்றன. கிம்ப் என்ற பட மென்பொருளில் 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறந்து, சேனலை 'ஆல்ஃபா' என்று மாற்றி, கீழே உள்ள வெளியீட்டுப் பட்டையின் குறைந்தபட்ச மதிப்பை அதன் உச்சத்துக்கு நகர்த்துங்கள். எல்லாப் பிக்சலும் தெரியத் தொடங்கும். 'ரிமூவ் ஆல்ஃபா சேனல்' கொடுத்தால் சரியாகிவிடும் என்று முதலில் தோன்றும். செய்யாதீர்கள். அது மறைந்த பிக்சல்களைப் பின்னணி நிறத்தால் நிரப்பிவிடும், ஒளிந்திருந்த படம் உண்மையிலேயே அழியும்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. ஆல்ஃபா என்றால் என்னவென்றே அறியாத எளிய பட மென்பொருள் ஒன்றில் முதலில் பேஸ்ட் செய்து, அங்கிருந்து மறுபடி காப்பி செய்யுங்கள். அதன் அறியாமை இங்கே உதவும்.

தவறு அனுப்பும் மென்பொருளிலா, கிளிப்போர்டிலா, பெறும் மென்பொருளிலா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போவது வீண்வேலை. பத்து நிமிடம் செலவழித்து ஒரு சோதனைப் படம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயுளுக்கும் உதவும்.

300 × 100 பிக்சல் அளவில், பின்னணி இல்லாத புதிய படம் திறங்கள். முதல் 100 பிக்சல் அகலத்தை 200, 100, 50 என்ற செம்மண் நிறத்தால் முழு அடர்த்தியில் நிரப்புங்கள். நடுவில் உள்ள 100 பிக்சலை அதே நிறத்தால், 50 சதவீத அடர்த்தியில் நிரப்புங்கள். கடைசி 100 காலியாகவே இருக்கட்டும். பிஎன்ஜியாகச் சேமியுங்கள். இதை அனுப்பும் மென்பொருளில் திறந்து, காப்பி செய்து, பெறும் மென்பொருளில் பேஸ்ட் செய்து, நடுக் கட்டத்தின் நிறத்தை நிறம் எடுக்கும் கருவியால் படியுங்கள். 'சாம்பிள் மெர்ஜ்டு' என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ் லேயரின் நிறமும் சேர்ந்து வரும்.

200, 100, 50 என்றும் ஆல்ஃபா 50 சதவீதம் என்றும் வந்தால் எல்லாம் சரி. அதே 200, 100, 50 வந்து ஆல்ஃபா 100 சதவீதம் என்றால், நிறம் வந்தது, ஆல்ஃபா மட்டும் வழியில் விழுந்துவிட்டது. 228, 178, 153 என்ற அளவில் வெளிறி, ஆல்ஃபா 100 ஆக இருந்தால் வெள்ளைமேல் தட்டையாக்கியிருக்கிறார்கள். 100, 50, 25 என்று பாதியாக இருண்டு, ஆல்ஃபா 100 என்றால் கறுப்புமேல் தட்டையானது. அதே 100, 50, 25 வந்து ஆல்ஃபா மட்டும் 50 ஆகவே இருந்தால் அது முன்பெருக்கல் குழப்பம், கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம். 255, 200, 100 என்று பளிச்சென்று வந்தால் அதே குழப்பம் மறுபக்கமாக நடந்திருக்கிறது. ஓரிரு எண் முன்பின் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், அது முழு எண்ணாக்கும்போது வரும் வேறுபாடு.

அடுத்து, பெறும் மென்பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள். கிம்ப், கிரிட்டா, பெயின்ட் டாட் நெட் மூன்றும் கிளிப்போர்டில் பிஎன்ஜி இருந்தால் படிக்கத் தெரிந்தவை. அங்கே சரியாக வந்தால் குற்றவாளி பெறும் மென்பொருள். அங்கேயும் கெட்டால் அனுப்புவதிலேயே கோளாறு.

கிளிப்போர்டுக்குள் என்னென்ன வடிவங்கள் இருக்கின்றன என்று பார்க்க முடியுமா?

முடியும். விண்டோஸில் நிர்சாஃப்ட் வெளியிடும் 'இன்சைட்கிளிப்போர்டு' என்ற சிறு இலவசக் கருவி, இருக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் அதன் அளவோடு பட்டியலிடும். அதில் 'பிஎன்ஜி' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'டிஐபிவி5' என்று இருப்பதை மட்டும் வைத்து மகிழ்ந்துவிட வேண்டாம். அது ஆல்ஃபாவைச் சுமக்கக் கூடிய வடிவம்தான், ஆனால் சாதாரண டிஐபி ஒன்று இருந்தாலே விண்டோஸ் அதிலிருந்து டிஐபிவி5 ஒன்றைத் தானாகத் தயாரித்துக் கொடுக்கும். ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதால் உள்ளே உண்மையான ஆல்ஃபா இருக்கிறது என்று ஆகாது.

கருவி நிறுவ அனுமதி இல்லாத கணினி என்றால் வேர்டில் கன்ட்ரோல் + ஆல்ட் + வி அழுத்துங்கள். திறக்கும் 'பேஸ்ட் ஸ்பெஷல்' பெட்டியின் பட்டியலே ஓர் ஏழைக்கேற்ற கிளிப்போர்டு பார்வையாளர்.

வேர்டு, பவர்பாயின்ட்டில் பேஸ்ட் செய்தால் வெள்ளைக் கட்டத்தோடு வருகிறது.

கன்ட்ரோல் + வி வேண்டாம். கன்ட்ரோல் + ஆல்ட் + வி அழுத்தி, பட்டியலில் 'பிக்சர் பிஎன்ஜி' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 'பிட்மேப்', 'டிவைஸ் இன்டிபென்டன்ட் பிட்மேப்', 'ஜேபெக்' மூன்றும் இந்த வேலைக்கு ஆகாதவை. பிஎன்ஜி பட்டியலிலேயே இல்லை என்றால், அனுப்பிய மென்பொருள் அதை வைக்கவில்லை என்று பொருள். அங்கே போராடாமல், படத்தைப் பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து 'இன்செர்ட்' மெனுவின் 'பிக்சர்ஸ்' வழியாகக் கொண்டுவாருங்கள்.

'செட் டிரான்ஸ்பரன்ட் கலர்' என்ற வசதியைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அது ஒரே ஒரு நிறத்தை மட்டும் மறைக்கும். வெள்ளையைச் சொடுக்கினால் 255, 255, 255 மறையும். ஓரத்தில் இருக்கும் 250, 251, 249 போன்ற கிட்டத்தட்ட வெள்ளைப் பிக்சல்கள் அப்படியே நிற்கும், லோகோவைச் சுற்றி அரித்த மாதிரி ஒரு கோடு தெரியும். லோகோவுக்கு உள்ளே இருக்கும் வெள்ளையும் கூடவே ஓட்டையாகும். நேர்க்கோடுகளால் ஆன தட்டையான படத்துக்குப் பரவாயில்லை, மற்றவற்றுக்கு வேண்டாம்.

எக்செல் வரைபடத்தை ஸ்லைடுக்குக் கொண்டுபோகும்போது வரும் வெள்ளைக் கட்டம் வேறு வகை. அது கிளிப்போர்டின் தவறே அல்ல, வரைபடத்துக்கே வெள்ளை நிரப்பு இருக்கிறது. 'சார்ட் ஏரியா', 'பிளாட் ஏரியா' இரண்டுக்கும் தனித்தனியாக 'நோ ஃபில்' கொடுத்துவிட்டுக் காப்பி செய்யுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் குழம்புபவர்கள்தான் அதிகம்.

உலாவியில் 'காப்பி இமேஜ்' கொடுத்த படம் கெட்டு வருகிறது.

'காப்பி இமேஜ்' கொடுக்கும்போது உலாவி அசல் கோப்பைத் தருவதில்லை. திரையில் காட்டுவதற்காக விரித்து வைத்திருக்கும் பிக்சல்களை எடுத்து, புதிதாகப் பொட்டலம் கட்டித் தருகிறது. அசையும் ஜிஃப் படத்தில் ஒரு ஃபிரேம் மட்டும் வருவதும் இதனால்தான். கூடவே ஓர் எச்டிஎம்எல் துண்டும் போகிறது. சில மென்பொருள்கள் அந்தத் துண்டில் உள்ள முகவரியைப் படித்து, படத்தைத் தாமே இறக்கிக்கொள்ளும். உள்நுழைவு தேவைப்படும் தளமாக இருந்தால் அது தோற்று, காலிப் பெட்டி வரும்.

ஆகவே உலாவியில் இருந்து 'சேவ் இமேஜ் ஆஸ்' நம்பகமானது. சேமித்த பிறகு கோப்பின் நீட்டிப்பைப் பாருங்கள். ஜேபிஜி என்று இருந்தால் தேட வேண்டாம், ஜேபெக்கில் ஆல்ஃபாவுக்கு இடமே கிடையாது. பிஎன்ஜி, வெப்பி இரண்டிலும் உண்டு. ஜிஃப்பில் அரைகுறையாக உண்டு: பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுநிலை கிடையாது. நிழலும் மென்மையான ஓரமும் ஜிஃப்பில் சொரசொரப்பாவது அதனால்.

சாம்பல்-வெள்ளைக் கட்டங்களும் படத்தோடு சேர்ந்து வந்துவிட்டன!

அது சதுரங்கப் பலகை போலப் படத்திலேயே வரைந்த கட்டங்கள். டிரான்ஸ்பரன்சியைக் காட்ட மென்பொருள்கள் பின்னால் காட்டும் கட்டங்களை யாரோ திரையோடு பிடித்து அசல் பிக்சலாக்கிவிட்டார்கள். தேடல் முடிவுகளில் 'பின்னணி இல்லாத பிஎன்ஜி' என்று வருபவற்றில் இப்படிப்பட்ட போலிகள் நிறைய. சோதிக்க ஒரே வழி: படத்துக்குக் கீழே பளீர் இளஞ்சிவப்பு லேயர் ஒன்று வையுங்கள். கட்டங்கள் மறைந்து இளஞ்சிவப்பு தெரிந்தால் உண்மையான படம். தெரியாவிட்டால் வேறு படம் தேடுங்கள், அந்தக் கட்டங்களைச் சுத்தமாக நீக்க ஆகும் நேரத்தில் லோகோவையே புதிதாக வரைந்துவிடலாம்.

ஸ்னிப்பிங் டூலில் பிடித்துப் பேஸ்ட் செய்தால் பின்னணி ஏன் மறைவதில்லை?

திரைப்பிடிப்பு என்பது திரையில் இறுதியாகத் தெரியும் நிறங்களின் பிரதி. திரைக்கு வரும்போதே எல்லா லேயர்களும் கலந்து முடிந்துவிட்டன. அங்கே ஆல்ஃபா என்று எதுவும் மிச்சம் இல்லை.

மைக்ரோசாஃப்ட் பெயின்ட்டில் 'டிரான்ஸ்பரன்ட் செலக்ஷன்' இருக்கிறதே, அது போதாதா?

பெயர்தான் ஏமாற்றுகிறது. தேர்ந்தெடுத்த துண்டை பெயின்ட்டுக்குள்ளேயே நகர்த்தும்போது, இரண்டாம் நிறமாக இருக்கும் நிறத்தை மட்டும் தாண்டி ஒட்டும். அவ்வளவுதான். ஆல்ஃபாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, வேறு மென்பொருளுக்குப் போகும்போது அது கூட வராது. பழைய பெயின்ட்டில் ஒரு பிஎன்ஜியைத் திறந்து சும்மா சேமித்தாலே டிரான்ஸ்பரன்சி அழிந்துவிடும். விண்டோஸ் 11 பெயின்ட்டுக்கு 2023இல் லேயரும் டிரான்ஸ்பரன்சியும் வந்தன. உங்கள் பெயின்ட்டில் லேயர் பட்டன் இல்லை என்றால் பழைய பதிப்பு, அசல் கோப்பை அதில் திறக்காதீர்கள்.

படம் சரியாக வருகிறது, ஆனால் ஓரத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு.

இதுதான் முன்பெருக்கல் குழப்பம். ஆல்ஃபாவோடு நிறத்தை எழுத இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, நிறத்தை அப்படியே எழுதி ஆல்ஃபாவைப் பக்கத்தில் எழுதுவது. பிஎன்ஜி இந்த வழி. மற்றொன்று, நிறத்தை ஆல்ஃபாவால் முன்னதாகவே பெருக்கி எழுதுவது. திரையில் வரையும் நிரல்களுக்கு இது வேகம், அதனால் உள்ளுக்குள் பலவும் இப்படித்தான் வைத்திருக்கின்றன. பெருக்கி எழுதியதைப் பெருக்காதது என்று நினைத்துப் படித்தால், வரையும்போது இரண்டாம் முறையும் பெருக்கப்படும். முழு அடர்த்தியுள்ள பிக்சலுக்கு எந்த மாற்றமும் இல்லை. அரைகுறை ஆல்ஃபா உள்ள ஓரங்களும் நிழல்களும் மட்டும் இருண்டுபோகும். ஆகவே கோடு போலத் தெரிகிறது.

கட்டான கத்தரிப்பு உள்ள படத்தில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். முடி, புகை, கண்ணாடி, மென்நிழல் இருந்தால் மாட்டிக்கொள்ளும்.

ஃபோட்டோஷாப்பில் 'லேயர்' மெனுவின் 'மேட்டிங்' பிரிவில் 'ரிமூவ் பிளாக் மேட்' இருக்கிறது. இந்தப் பிழைக்கு அது ஏறத்தாழ அளவெடுத்துத் தைத்த மாதிரி. வெள்ளைக் கோடு என்றால் பக்கத்திலேயே 'ரிமூவ் வைட் மேட்'. கிம்ப்பில் 'கலர் டு ஆல்ஃபா' வைத்துக் கறுப்பை நீக்கலாம் என்று ஓர் ஆலோசனை சுற்றுகிறது. படத்துக்குள்ளே உள்ள கருமையான பகுதிகளையும் அது பாதி மறைத்துவிடும், எனவே ஓரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுச் செய்யுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது, கிளிப்போர்டை விட்டுவிட்டுக் கோப்பு வழியாகக் கொண்டுபோவது. கோப்பில் வழக்கம் எழுதப்பட்டிருக்கிறது, கிளிப்போர்டின் பழைய பிட்மேப்பில் எழுதப்படவில்லை.

அழிப்பானால் அழித்த பகுதி பேஸ்ட் செய்ததும் திரும்ப வந்துவிட்டது. பேயா?

இல்லை. ஆனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில மென்பொருள்களில் அழிப்பான் நிறத்தை அழிப்பதில்லை, ஆல்ஃபாவை மட்டும் பூஜ்யமாக்குகிறது. கீழே பழைய நிறம் அப்படியே இருக்கும். ஆல்ஃபாவைக் கைவிடும் மென்பொருளில் பேஸ்ட் செய்தால் அத்தனையும் வெளியே வரும். அடையாள அட்டையின் எண்ணையோ ஒரு முகத்தையோ அழிப்பானால் மறைத்து அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மறைக்க வேண்டியதை அழிக்காதீர்கள், அதன்மேல் அடர்த்தியான நிறத்தைப் பூசி, லேயர்களைத் தட்டையாக்கி அனுப்புங்கள். கிம்ப்பில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும்போது, மறைந்த பிக்சல்களின் நிற மதிப்பைக் காப்பாற்றவா என்று கேட்கும் தேர்வு ஒன்று உண்டு. அது அணைந்திருக்கட்டும்.

புதிய கேன்வாஸில் பேஸ்ட் செய்தேன், பின்னணி வெள்ளையாகவே இருக்கிறது.

பாதிப் பேருக்கு இது தவறே அல்ல. புதிய ஆவணம் திறக்கும்போதே வெள்ளைப் பின்னணி லேயர் ஒன்று வந்திருக்கும், உங்கள் படம் அதன்மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். கீழ் லேயரின் கண் அடையாளத்தை அணைத்துப் பாருங்கள்.

இந்த வம்பே வேண்டாம் என்றால் கிளிப்போர்டிலிருந்தே நேராகப் புதிய படம் உருவாக்குங்கள். கிம்ப்பில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + வி, கிரிட்டாவில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என், பெயின்ட் டாட் நெட்டில் கன்ட்ரோல் + ஆல்ட் + வி.

விண்டோஸ் + வி அழுத்தி, பழைய காப்பியிலிருந்து எடுத்தால் மட்டும் கெடுகிறது.

கிளிப்போர்டு வரலாறு விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் வந்தது. 25 உருப்படிகள் வரை வைத்திருக்கும், ஒவ்வொன்றும் 4 எம்பிக்குள் இருக்க வேண்டும். எழுத்து, எச்டிஎம்எல், பிட்மேப் ஆகியவையே அது நினைவில் வைக்கும் வகைகள். அனுப்பிய மென்பொருள் தனியாக வைத்த பிஎன்ஜியும் அதில் தங்கியிருக்கும் என்று நம்ப வேண்டாம். டிரான்ஸ்பரன்ட் படம் என்றால் புதிதாகக் காப்பி செய்து உடனே பேஸ்ட் செய்யுங்கள். ரிமோட் டெஸ்க்டாப், மெய்நிகர்க் கணினி வழியாகப் போகும் கிளிப்போர்டுக்கும் இதே எச்சரிக்கை. நடுவில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்துக் கட்டுகிறார், எதை விடுவார் என்று சொல்ல முடியாது. கோப்பையே அனுப்பிவிடுவது நிம்மதி.

படத்துக்குப் பதில் கோப்பையே காப்பி செய்தால்?

நல்ல பழக்கம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பிஎன்ஜி கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் + சி அழுத்தினால் கிளிப்போர்டுக்குப் போவது பிக்சல்கள் அல்ல, கோப்பின் இருப்பிடம். பவர்பாயின்ட் போன்றவை அந்த இருப்பிடத்துக்குப் போய் அசல் கோப்பைப் படித்துக்கொள்ளும், ஆல்ஃபாவுக்கு ஒரு கீறலும் விழாது. எல்லா மென்பொருளும் இதை ஏற்காது. ஏற்காதவற்றில் கோப்பை இழுத்துப் போட்டுப் பாருங்கள்.

மேக்கில் இந்தத் தொல்லை குறைவு என்கிறார்களே?

உண்மைதான். மேக் கிளிப்போர்டில் படங்கள் வழக்கமாக டிஃப் ஆகவும் பிஎன்ஜியாகவும் வைக்கப்படுகின்றன. இரண்டுமே ஆல்ஃபாவை முறைப்படி சுமப்பவை. ஐயம் வந்தால் பிரிவியூ மென்பொருளைத் திறந்து கமாண்ட் + என் அழுத்துங்கள், கிளிப்போர்டில் இருப்பது புதிய படமாகத் திறக்கும். அங்கே பின்னணி இல்லாமல் தெரிந்தால் கிளிப்போர்டு நல்லது, பெறும் மென்பொருள்தான் கெடுக்கிறது.

மேக்கில் ஒரு தனிச் சங்கடம்: கமாண்ட் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 4 அழுத்தி, ஸ்பேஸ் தட்டி ஒரு சாளரத்தைப் பிடித்தால் அதன் நிழலும் அரை டிரான்ஸ்பரன்டாகச் சேர்ந்து வரும். ஆல்ஃபா தெரியாத இடத்தில் பேஸ்ட் செய்தால் நிழல் இருந்த இடம் அசிங்கமான பட்டையாகும். சாளரத்தைச் சொடுக்கும்போது ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டால் நிழல் வராது.

லினக்ஸில் காப்பி செய்துவிட்டு மென்பொருளை மூடினால் பேஸ்ட் ஆவதே இல்லை.

அங்கே கிளிப்போர்டு என்பது சரக்கறை அல்ல, ஒரு வாக்குறுதி. காப்பி செய்த மென்பொருள் 'என்னிடம் இந்த வடிவங்கள் இருக்கின்றன' என்று அறிவிக்கும், பேஸ்ட் செய்யும்போதுதான் பிக்சல்கள் கைமாறும். மூடிவிட்டால் தருவதற்கு ஆள் இல்லை. கிளிப்போர்டு மேலாளர் ஓடிக்கொண்டிருந்தால் அது ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கும், ஆனால் எல்லா வடிவங்களையும் எடுத்திருக்காது. பேஸ்ட் செய்து முடிக்கும்வரை மூலத்தை மூடாமல் இருப்பதே தீர்வு. வேலேண்ட், எக்ஸ்11 என்பவை லினக்ஸின் இரண்டு திரை அமைப்புகள். வடிவங்களைப் பார்க்க வேலேண்டில் 'டபிள்யூஎல்-பேஸ்ட்' கருவியின் 'லிஸ்ட்-டைப்ஸ்' தேர்வும், எக்ஸ்11இல் 'எக்ஸ்கிளிப்' வழியாக 'டார்கெட்ஸ்' கேட்பதும் உதவும்.

அரட்டைச் செயலியில் பேஸ்ட் செய்தால் எப்போதும் கெடுகிறது.

பல செயலிகள் அளவைக் குறைக்கப் படத்தை ஜேபெக் ஆக்கிவிடுகின்றன. ஆவணம் அல்லது கோப்பு என்ற வழியில் இணைத்து அனுப்புங்கள்.

படம் மூன்று பிக்சல் வலப்பக்கம் நகர்ந்து, வலது ஓரம் இடப்பக்கம் எட்டிப்பார்க்கிறது. இது என்ன?

கேட்பவர்கள் குறைவு, ஆனால் காரணம் தெளிவு. டிஐபிவி5 தலைப்பு, அதாவது பிக்சல்களுக்கு முன்னால் வரும் விவரப் பகுதி, 124 பைட். சிவப்பு, பச்சை, நீலம் எந்த பிட்களில் உள்ளன என்ற குறிப்பு அந்தத் தலைப்புக்குள்ளேயே இருக்கிறது. 40 பைட் அளவுள்ள பழைய தலைப்பில் அதே குறிப்பு தலைப்புக்குப் பின்னால் தனியாக 12 பைட்டாக வரும். புதிய தலைப்பைப் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் 12 பைட்டையும் எழுதினால், கணக்கு 12 பைட் தவறும். பிக்சலுக்கு 4 பைட், ஆக மூன்று பிக்சல். பயனரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, மென்பொருளை எழுதியவர்களுக்கு இந்த விவரத்தோடு தெரிவியுங்கள்.

நான் நிரல் எழுதுகிறேன். கிளிப்போர்டில் ஆல்ஃபாவோடு வைக்கவும் எடுக்கவும் சரியான முறை எது?

விண்டோஸில் வைக்கும்போது 'பிஎன்ஜி' என்ற பெயரில் பதிவு செய்த வடிவத்தை முதலில் வையுங்கள், உள்ளே முழுப் பிஎன்ஜி கோப்பின் பைட்கள். அதன்பின் டிஐபிவி5. கடைசியாக, வெள்ளைமேல் தட்டையாக்கிய சாதாரண டிஐபி, ஆல்ஃபா அறியாதவர்களுக்காக. பல மென்பொருள்கள் வரிசையில் முதலில் வருவதையே எடுப்பதால் இந்த முன்பின் முக்கியம். டாட் நெட்டில் 'செட் இமேஜ்' கட்டளையை மட்டும் நம்பினால் ஆல்ஃபா தொலையும். டேட்டா ஆப்ஜெக்ட்டில் பிஎன்ஜியை மெமரி ஸ்ட்ரீமாகச் சேர்த்து வையுங்கள்.

எடுக்கும்போது பிஎன்ஜி, டிஐபிவி5, டிஐபி என்ற அதே வரிசையில் தேடுங்கள். 32 பிட் டிஐபி கிடைத்தால் எல்லாப் பிக்சலின் நான்காவது பைட்டையும் ஒருமுறை ஓடிப் பாருங்கள். எல்லாமே பூஜ்யம் என்றால் அது ஆல்ஃபா அல்ல, படத்தை முழு அடர்த்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சோதனை இல்லாததால்தான் மேலே சொன்ன 'காலி லேயர்' புகார் வருகிறது. ஏதேனும் ஒரு நிற எண் ஆல்ஃபாவைவிடப் பெரிதாக இருந்தால் முன்பெருக்கல் நடக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். எங்குமே பெரிதாக இல்லை என்றால் நடந்திருக்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை. வரிசைகள் வழக்கமாகக் கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கும், கோப்பில் வரும் 14 பைட் முன்தலைப்பு கிளிப்போர்டில் இருக்காது.

வலையில் எழுதுவதானால், கேன்வாஸிலிருந்து ஜேபெக் கேட்டால் மறைந்த இடங்கள் கறுப்பாகத்தான் வரும், வலைத் தரநிலையே அப்படிச் சொல்கிறது. பிஎன்ஜி கேளுங்கள். கேன்வாஸின் சூழலை (கான்டெக்ஸ்ட்) உருவாக்கும்போது 'ஆல்ஃபா' தேர்வைப் பொய் (ஃபால்ஸ்) என்று வைத்திருந்தால் பிஎன்ஜியிலும் கறுப்பே. கிளிப்போர்டு நிரலிடைமுகம் எச்டிடிபிஎஸ் போன்ற பாதுகாப்பான பக்கங்களில் மட்டுமே வேலை செய்யும். சோதனைக் கணினியில் ஓடியது வெளியிட்ட பின் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் படம் கறுப்பாகவே தெரிகிறது.

பார்க்கும் சாளரம் இருண்ட தோற்றத்தில் இருக்கிறதா? டிரான்ஸ்பரன்ட் படத்தின் பின்னால் தெரிவது அந்தச் சாளரத்தின் நிறம். கறுப்பு எழுத்தில் செய்த லோகோ இருண்ட சாளரத்தில் மொத்தமாகவே மறைந்துவிடும். வெளிர் தோற்றத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.